செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை: பழைய அம்பாசிடரில் கரண்ட்டைத் தேடிப் போகும் வழி

பழைய கார் வாங்கிய முதல் வருடத்தில் எல்லோருக்கும் இப்படி ஒரு காலை வரும். சாவியைத் திருப்புவீர்கள், செல்ஃப் நன்றாகவே சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. நாலைந்து முறை முயன்ற பிறகு பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "கார்புரேட்டர்ல குப்பை சார்" என்பார். பால் போட வந்தவர் "பிளக் போயிருக்கும்" என்பார். மூன்றாவதாக ஒருவர் காயிலை மாற்றச் சொல்வார். மூவர் பேச்சையும் கேட்டு, மூன்று பொருளும் வாங்கி மாட்டி, மாலையில் வண்டி அதே இடத்தில் அசையாமல் நிற்பதைப் பார்த்தவன் நான்.

அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எந்தப் பொருளையும் மாற்றுவதற்கு முன், பேட்டரியிலிருந்து பிளக் வரை கரண்ட் எங்கே நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு பல்பும் அரை மணி நேரமும் போதும்.

என்னிடம் இருப்பது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் அம்பாசிடர், அதனால் அதையே வைத்துச் சொல்கிறேன். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான வண்டி. மும்பையில் தயாரான பிரீமியர் பத்மினி, நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இரண்டிலும் இக்னிஷன் அமைப்பு இதே மாதிரிதான். பொருள்கள் இருக்கும் இடம் மாறும், வேலை மாறாது. பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் வண்டிகளைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியில் பொறி தாவ வேண்டுமென்றால் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இந்த வித்தையைச் செய்வது காயில். அதற்குள் இரண்டு சுற்று கம்பி இருக்கிறது. தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. சாவி போட்டதும் கரண்ட் தடித்த சுற்றின் வழியாக ஓடி, பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடலுக்குப் போகும். பாயிண்ட் என்பது வேறொன்றுமில்லை, ஒரு குட்டி சுவிட்ச். நடுவில் சுற்றும், மேடுகள் உள்ள அச்சான கேம் அதைத் திறந்து திறந்து மூடும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தப் புலம் உருவாகும். திறக்கும் கணத்தில் கரண்ட் அறுந்து, புலம் சரிந்து, மெல்லிய சுற்றில் உயர் மின்னழுத்தம் பிறக்கும். அது நடு ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்கு வந்து, ரோட்டர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்த சிலிண்டரின் பிளக்குக்குப் போகும். பாயிண்ட்டோடு சேர்த்து மாட்டியிருக்கும் கண்டென்சர், பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து கருகிப் போகாமல் தடுக்கும், கரண்ட் பட்டென்று அறுபடவும் உதவும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், நாலு சிலிண்டர் வண்டியில் இது வினாடிக்கு 100 முறை நடக்கிறது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் நூறு வருடத்துக்கும் முன்பு வகுத்த ஏற்பாடு. இத்தனை எளிமையான ஒன்று இத்தனை காலம் ஓடியது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஆக, பாதை இரண்டு பாதி. பேட்டரி, சாவி, காயிலின் தடித்த சுற்று, பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் 12 வோல்ட் பாதி. காயிலின் மெல்லிய சுற்று, நடு ஒயர், கேப், ரோட்டர், பிளக் ஒயர், பிளக் எல்லாம் உயர் அழுத்தப் பாதி. எந்தப் பாதியில் கோளாறு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பாயிண்ட் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது 12 வோல்ட் பாதியைத்தான்.

கையில் வேண்டியவை

டெஸ்ட் லாம்ப் ஒன்று. பழைய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்ப், ஹோல்டர், இரண்டு ஒயர், முனையில் முதலை கிளிப் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். அப்புறம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பேனர், நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு உபரி பிளக், மெல்லிய உப்புத்தாள், காய்ந்த பருத்தித் துணி. மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். பாயிண்ட் வண்டியில் டெஸ்ட் லாம்ப் சொல்லும் பதிலை நான் மீட்டரைவிட அதிகம் நம்புகிறேன். மீட்டர் ஒரு இழை ஒட்டியிருந்தாலே 12 வோல்ட் காட்டிவிடும். பல்ப் எரிய உண்மையான கரண்ட் ஓட வேண்டும்.

தொடங்கும் முன் கியரை நியூட்ரலில் போடுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், வண்டியைத் திறந்த இடத்துக்குத் தள்ளுங்கள். வேட்டி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் ஃபேன் பக்கம் வரக்கூடாது. பெட்ரோல் வாடை அடித்தால் பொறி சோதனையே வேண்டாம், வாடை போகட்டும். உயர் அழுத்த ஒயரை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். துணி காயப்போடும் மரக் கிளிப் ஒன்று எடுத்து வந்து அதனால் பிடியுங்கள். அந்த ஷாக் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது, ஆனால் கையை உதறும் வேகத்தில் முழங்கையை பானெட்டில் இடித்துக்கொள்வீர்கள். இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

படி 1: செல்ஃப் சரியான வேகத்தில் சுற்றுகிறதா

சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்து நின்றாலோ, முனகி முனகிச் சுற்றினாலோ, அது இக்னிஷன் பிரச்சினை இல்லை. பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், செல்ஃப் ஒருவழியாகச் சுற்றினாலும் காயிலுக்குக் கிடைக்கும் கரண்ட் போதாது, பொறி மெலிந்துவிடும். செல்ஃபை விட்டு சாவி திரும்பி வரும் அந்த ஒரு நொடியில் மட்டும் எஞ்சின் "டப்" என்று பிடிக்கப் பார்க்கிறதா? அப்படியானால் இந்தக் குறைதான்.

வெள்ளைப் பொடி பூத்த டெர்மினலை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையையும் பாருங்கள். அது அறுந்திருந்தால் செல்ஃப் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடும். சோக் கேபிள் வழியாகப் போகும், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் போகும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிள் சூடாகிறதென்றால் வேறு சோதனையே வேண்டாம், எர்த் பட்டையைப் போடுங்கள்.

இன்னொன்று, மிகப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். பேட்டரியைக் கழற்றி மாட்டும் முன் பாடிக்குப் போகும் கேபிள் எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் இங்கே சொல்வதெல்லாம் நெகட்டிவ் எர்த் வண்டிக்கு.

படி 2: பிளக்கில் பொறி வருகிறதா

ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதில் உபரி பிளக்கை மாட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சின் பிளாக்கில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். பெயின்ட் அடித்த இடத்தில் வைத்தால் பொறி வராது, நீங்கள் காயிலைத் திட்டுவீர்கள். வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, நிழலில் நின்று பாருங்கள்.

நீலமாக, "சடக் சடக்" என்று காதில் கேட்கும்படி பொறி வந்தால் இக்னிஷன் பெரும்பாலும் நலம். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் கண்டென்சர், காயில், பாயிண்ட் மூன்றில் ஒன்று. ஒன்றுமே வரவில்லை என்றால் இன்னும் ஒரு சிலிண்டரின் ஒயரில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் வந்து இன்னொன்றில் வராவிட்டால் குற்றவாளி அந்த ஒயர் அல்லது கேப். எதிலும் வராவிட்டால் அடுத்த படி.

படி 3: காயிலிலிருந்து வரும் நடு ஒயர்

கேப்பின் நடுவில் குத்தியிருக்கும் தடித்த ஒயரைக் கழற்றி, அதன் முனையில் அதே உபரி பிளக்கைச் சேர்த்து எர்த் செய்து செல்ஃப் அடியுங்கள். இங்கே நல்ல பொறி வருகிறது, ஆனால் பிளக் ஒயரில் வரவில்லை என்றால் நடுவில் இருப்பவை கேப்பும் ரோட்டரும் மட்டுமே. நேராகப் படி 6-க்குப் போய்விடலாம். இங்கேயும் பொறி இல்லையென்றால் 12 வோல்ட் பாதியில் இறங்குவோம்.

படி 4: டெஸ்ட் லாம்ப்

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. நிதானமாகச் செய்யுங்கள்.

காயிலின் தலையில் இரண்டு சிறிய முனைகள் இருக்கும். பழைய லூகாஸ் காயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று பொறித்திருக்கும். பிந்தையவற்றில் கூட்டல், கழித்தல் குறி. எஸ்.டபிள்யூ. முனைக்குச் சாவியிலிருந்து கரண்ட் வருகிறது. சி.பி. முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒயர் போகிறது. லூகாஸ் வழக்கப்படி வரும் ஒயர் வெள்ளை, போகும் ஒயர் வெள்ளையில் கறுப்புக் கோடு. ஆனால் உங்கள் வண்டியில் இதுவரை எத்தனை எலக்ட்ரீசியன் கை பட்டிருக்கிறதோ யாருக்குத் தெரியும், நிறத்தை நம்பாமல் எது எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடருங்கள்.

டெஸ்ட் லாம்பின் ஒரு கிளிப்பை எஞ்சின் பிளாக்கில் மாட்டுங்கள். சாவியைப் போடுங்கள், செல்ஃப் வேண்டாம். மறு முனையை காயிலின் எஸ்.டபிள்யூ. பக்கம் வையுங்கள். பல்ப் பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லையா? கரண்ட் காயிலுக்கே வந்து சேரவில்லை. சாவி சுவிட்ச், அதன் பின்னால் இருக்கும் ஒயர், கழன்றுபோன லக் எல்லாம் பாருங்கள். உறுதி செய்துகொள்ள, பேட்டரி பாசிட்டிவிலிருந்து எஸ்.டபிள்யூ. முனைக்கு நேராக ஒரு ஒயர் போட்டு செல்ஃப் அடியுங்கள். எஞ்சின் பிடித்துவிட்டால் காயிலுக்குப் பின்னால் எல்லாம் சரி. அந்த ஒயரை எடுக்கும்வரை சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் அணையாது, மறந்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். கார் திருட்டுக்குப் பயந்து நம்மூரில் பலர் டேஷ்போர்டுக்கு அடியிலோ சீட்டுக்குக் கீழேயோ ஒரு ரகசிய சுவிட்ச் வைத்து காயில் கரண்ட்டை அறுத்து வைத்திருப்பார்கள். முந்தைய ஓனர் விற்கும்போது சொல்ல மறந்திருக்கலாம். உங்கள் முழங்கால் பட்டு அது அணைந்திருக்கலாம். எஸ்.டபிள்யூ. முனையில் கரண்ட் இல்லாத ஒவ்வொரு வண்டியிலும் நான் முதலில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது அதைத்தான்.

அங்கே பல்ப் எரிந்தால், கிளிப்பை சி.பி. முனைக்கு மாற்றி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இப்போது பல்ப் மினுக்கிட வேண்டும். பாயிண்ட் மூடும்போது அணையும், திறக்கும்போது எரியும். மினுக்கினால் பாயிண்ட் தன் வேலையைச் செய்கிறது. அப்படியும் பொறி இல்லையென்றால் காயிலின் மெல்லிய சுற்று, கண்டென்சர், நடு ஒயர் என்று சந்தேகம் சுருங்கிவிட்டது.

மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால், கரண்ட் எர்த்துக்குப் போக வழியில்லை. பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடினாலும் முகத்தில் கறுப்புப் பிடித்துத் தொடவில்லை, அல்லது உள்ளே போகும் சிறிய ஒயர் அறுந்திருக்கிறது. இந்தச் சிறிய ஒயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை: எஞ்சினின் வாக்யூம் இழுப்புக்கு ஏற்ப டிஸ்ட்ரிபியூட்டர் தட்டு முன்னும் பின்னும் அசையும்போது இதுவும் கூடவே மடங்கி மடங்கி, வெளி உறை நன்றாக இருக்க உள்ளே கம்பி மட்டும் அறுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. லேசாக இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே ஒன்றுமில்லை.

எரியவே இல்லை என்றால் இரண்டில் ஒன்று. காயிலின் தடித்த சுற்று அறுந்திருக்கிறது, அல்லது சி.பி. பக்கம் எப்போதும் எர்த்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்தறிய, சி.பி. முனையில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பல்பை வையுங்கள். இப்போது எரிந்தால் காயில் நலம், எர்த் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நடக்கிறது. கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம், பாயிண்ட் திறக்காமலே இருக்கலாம், அல்லது என் கதை.

என் கதை இதுதான். வாங்கிய இரண்டாம் மாதம், நானே புது பாயிண்ட் மாட்டினேன். பெருமையாக சாவியைப் போட்டால் வண்டி செத்துக் கிடந்தது. இரண்டு நாள் காயிலை மாற்றினேன், கண்டென்சரை மாற்றினேன். மூன்றாம் நாள் எங்கள் தெரு முனை மெக்கானிக் அண்ணன் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, கடைசியா எதைத் தொட்ட?" பாயிண்ட்டை மாட்டும் கம்பத்தில் ஒரு குட்டி ஃபைபர் வாஷர் இருக்கிறது. ஸ்பிரிங்கும் ஒயர் லக்கும் கம்பத்தைத் தொடாமல் காப்பது அது. நான் அதை ஸ்பிரிங்குக்கு அடியில் போட வேண்டியதற்குப் பதில் மேலே போட்டுவிட்டேன். பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் கரண்ட் நேராக எர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது. டெஸ்ட் லாம்ப் என் பெட்டியிலேயே இருந்தது. எடுத்து வைத்திருந்தால் அஞ்சு நிமிஷத்தில் சொல்லியிருக்கும்.

படி 5: பாயிண்ட்டும் கண்டென்சரும்

கேப்பின் இரண்டு கிளிப்பையும் விடுவித்து, ரோட்டரை மேலே இழுத்தால் பாயிண்ட் தெரியும். எஞ்சினை மெல்லச் சுற்றி, பாயிண்ட்டின் காலடி கேமின் மேட்டில் உட்காரும்படி கொண்டுவாருங்கள். அம்பாசிடரோடு வந்த ஸ்டார்ட்டிங் ஹேண்டில் இன்னும் உங்கள் டிக்கியில் இருந்தால் இதற்கு அதைப்போல ஒன்றில்லை. கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடியுங்கள், கம்பியைச் சுற்றி வளைக்காதீர்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் உடையும். இந்த வேலைக்குச் சாவியே போட வேண்டாம். ஹேண்டில் இல்லையென்றால் டாப் கியரில் போட்டு வண்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ளலாம்.

மேட்டில் நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், இறுகவும் கூடாது, தளரவும் கூடாது. பத்மினிக்கோ 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் அம்பாசிடருக்கோ அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவே அளவு. வழியில் மாட்டிக்கொண்டு கேஜ் இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முகம் கறுத்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிறகு பெட்ரோல் தொட்ட அட்டைத் துண்டை நடுவில் விட்டு இழுத்துத் துடையுங்கள். தாளின் மணல் ஒரு துகள் தங்கினாலும் பாயிண்ட் தொடாது. புது பாயிண்ட் பெட்டியிலிருந்து எடுத்தது என்றாலும் துடைத்தே மாட்டுங்கள், துருப்பிடிக்காமலிருக்க அதன் முகத்தில் எண்ணெய்ப் படலம் பூசி அனுப்புவது உண்டு.

கண்டென்சரைச் சோதிக்க வீட்டில் எளிய வழி இல்லை. அறிகுறிதான் வழி. சாவி போட்ட நிலையில் பாயிண்ட்டை மரக்குச்சியால் திறந்து மூடினால் சிறு பொறி வருவது வழக்கம். மஞ்சளாகக் கொழுத்துப் பறந்தால் கண்டென்சர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மாற்றிப் பார்ப்பது மட்டுமே நிச்சயம். இங்கே என் சொந்த அபிப்பிராயம்: ஓடிக்கொண்டிருக்கும் பழைய கண்டென்சரைச் "சும்மா ஒரு சர்வீஸுக்கு" மாற்றாதீர்கள். இப்போது கடையில் கிடைக்கும் புதியவற்றில் முதல் நாளே உயிர்விட்டவற்றை நான் பார்த்துவிட்டேன். மாற்றினாலும் பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

காயிலை மீட்டரில் அளந்தால், பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்ட்டை மட்டுப்படுத்தும் தடை) இல்லாத வண்டியில் தடித்த சுற்று 3 ஓம் அக்கம்பக்கம் காட்டும், பாலஸ்ட் உள்ளதில் 1.5 ஓம் போல. மெல்லிய சுற்று பல ஆயிரம் ஓம். ஒரேயடியாக முடிவிலி காட்டினால் அறுந்தது. இத்தனை சோதனைகளுக்கு நடுவிலும் சாவியைப் போட்டபடி மறந்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் 4 ஆம்பியர் அளவுக்கு நிற்காமல் ஓடும். காயில் கொதித்து, நல்லதாக இருந்ததும் கெட்டுப்போகும்.

படி 6: கேப், ரோட்டர், ஒயர்

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் சென்னையில் நின்றுபோகும் பழைய வண்டிகளுக்கு நான் முதலில் இங்கேயே வந்துவிடுவேன். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் ஓட்டினால் ஃபேன் அதன்மேலேயே நீரைத் தெளிக்கும். இரவு முழுதும் ஈரக் காற்றில் நின்றாலும் கேப்பின் உள்ளே பனி கோத்துக்கொள்ளும். கழற்றி, காய்ந்த துணியால் உள்ளும் வெளியும் துடைத்து, வெயிலில் பத்து நிமிடம் வைத்து மாட்டினால் அநேக வண்டிகள் எடுத்துவிடும்.

துடைத்த பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். உள் சுவரில் பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது கரித் தடம். பொறி பிளக்குக்குப் போகாமல் அதன் வழியே ஓடிவிடும். கத்தி முனையால் சுரண்டினால் வீடு போய்ச் சேரலாம், கேப்பை மாற்றத்தான் வேண்டும். நடுவில் ஸ்பிரிங்கோடு துருத்தி நிற்கும் கார்பன் குச்சி தேய்ந்து காணாமல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரோட்டர் ஏமாற்றுக்காரன். பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளுக்குள் கசியும். சோதிக்க ஒரு வழி உண்டு. ரோட்டர் மாட்டியிருக்க, காயிலின் நடு ஒயரை மரக் கிளிப்பால் பிடித்து, ரோட்டரின் உலோகத் தகட்டுக்கு 5 மில்லிமீட்டர் மேலே நிறுத்துங்கள். சாவியைப் போட்டு பாயிண்ட்டைக் குச்சியால் திறந்து மூடுங்கள். ஒயரிலிருந்து ரோட்டருக்குப் பொறி தாவக்கூடாது, தாவினால் ரோட்டர் வழியாக ஷாஃப்ட்டுக்குக் கரண்ட் கசிகிறது. வேறு ரோட்டர் போடுங்கள்.

பிளக் ஒயர்களை இருட்டிய பிறகு பார்ப்பதே சுலபம். பானெட்டைத் திறந்து வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னால், வெடித்த ஒயரிலிருந்து நீலப் பொறி எஞ்சினுக்குத் தாவி விளையாடுவது தெரியும். பக்கவாட்டில் ஒயர் நுழைந்து உள்ளே ஸ்க்ரூவால் குத்திப் பிடிக்கும் பழைய லூகாஸ் கேப் உங்களிடம் இருந்தால், தாமிரக் கம்பி உள்ள ஒயர்தான் அதற்குப் பொருந்தும். கார்பன் நூல் ஒயரில் ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காது.

கேப்பைத் திறந்த கையோடு, செல்ஃப் அடிக்கும்போது ரோட்டர் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள். எஞ்சின் சுற்றி ரோட்டர் நின்றால் டிரைவ் அல்லது டைமிங் செயின் போயிருக்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

படி 7: ஒயர் வரிசை

யாராவது எல்லா ஒயரையும் ஒரே நேரத்தில் கழற்றியிருந்தால் மட்டும் இந்தப் படி. அறிகுறி தெளிவாக இருக்கும்: பொறி நன்றாக வரும், பெட்ரோல் வரும், ஆனால் கார்புரேட்டர் வழியாகத் துப்பும், சைலன்சரில் வெடிக்கும். வரிசை 1-3-4-2. முதல் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம். அம்பாசிடரின் 1489 எஞ்சினில் மேலிருந்து பார்க்க ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும். மற்ற வண்டியில் செல்ஃப் அடித்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு எஞ்சினை மெல்லச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது அது கம்ப்ரஷன். கிராங்க் புல்லியின் குறி நேராக வரும் இடத்தில் நிறுத்தினால், ரோட்டர் காட்டும் முனைதான் முதல் சிலிண்டருக்கு உரியது. அங்கிருந்து சுற்றும் திசையில் 3, 4, 2. டிஸ்ட்ரிபியூட்டரையே யாரேனும் கழற்றி மாட்டியிருந்தால் ரோட்டர் நேர் எதிர்ப்பக்கம் நிற்கக்கூடும்.

பொறி நன்றாக இருந்தும் எடுக்கவில்லை என்றால்

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் சோக்கை இழுத்து இழுத்து வெள்ளம் செய்துவிட்டீர்கள். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி, பம்ப் செய்யாமல் செல்ஃப் அடியுங்கள். எலும்பாகக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, இனி வேலை கார்புரேட்டர் பக்கம். பிளக் இடைவெளி 0.64 மில்லிமீட்டர் அளவு. ஆக்ஸா பிளேடின் தடிமன் ஏறக்குறைய அதேதான், பல ஷெட்டில் அதுதான் கேஜ்.

வெயிலில் ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென நின்று, அரை மணி ஆறிய பிறகு ஒன்றும் நடக்காதது போல எடுக்கும் வியாதி தனி. சூட்டில் காயில் உள்ளே விட்டுப்போகலாம், பெட்ரோல் லைனில் ஆவி கட்டிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நம்மவர்கள் ஈரத்துணி வைப்பார்கள், வண்டியும் எடுத்துவிடும், எது காரணம் என்பது கடைசிவரை தெரியாது. அதனால் நின்ற உடனே, ஆறவிடாமல், படி 2-ஐச் செய்யுங்கள். பொறி இல்லை என்றால் காயில் அல்லது கண்டென்சர். பொறி இருந்தால் பெட்ரோல்.

செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் சாவி சுவிட்சின் ஓடும் நிலைத் தொடர்பு போயிருக்கிறது. பாலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியில் அது எரிந்திருக்கலாம்.

பாயிண்ட் இல்லாத வண்டிகள்

கார்புரேட்டர் வைத்த மாருதி 800-இன் பிந்தைய மாடல்களில் பாயிண்ட்டுக்குப் பதில், சுற்றுவதை உணரும் பிக்கப் காயிலும் கரண்ட்டை அறுக்கும் எலக்ட்ரானிக் சுவிட்சான இக்னைட்டரும் இருக்கும். மூன்று சிலிண்டர், வரிசை 1-3-2. படி 1, 2, 3, 6 அப்படியே பொருந்தும். ஒயரை எர்த் செய்யாமல் தொங்கவிட்டு செல்ஃப் அடிப்பது மட்டும் கூடாது, போக வழியில்லாத மின்னழுத்தம் இக்னைட்டரைக் கொல்லும். பாயிண்ட் திறந்து மூடும் சோதனைகள் எதுவும் இங்கே இல்லை. காயிலுக்குக் கரண்ட் வந்தும் பொறி வராவிட்டால் கனெக்டர்களைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, ஓடும் வேறொரு வண்டியின் இக்னைட்டரைக் கடன் வாங்கிச் சோதிப்பதே மலிவான வழி.

எஞ்சின் பிடித்த பிறகு

புது பாயிண்ட் போட்டிருந்தால் கேமில் அரிசி அளவு கிரீஸ் தடவுங்கள். ரோட்டருக்கு அடியில் ஒரு துளி எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம், பாயிண்ட்டில் தெறித்தால் மறுபடி படி 4-தான். 500 கிலோமீட்டர் ஓடியதும் இடைவெளியை இன்னொரு முறை அளங்கள். புதுக் காலடி கேமோடு உரசிப் பழகும்போது கொஞ்சம் தேய்ந்து இடைவெளி சுருங்கியிருக்கும். கழற்றிய பழைய பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர் மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு டெஸ்ட் லாம்போடு டிக்கியில் வையுங்கள். ஃபைபர் வாஷரும் அதில் ஒன்று இருக்கட்டும்.